ஃபார்ம் டி-யில் அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

#1 கடைசிபெஞ்ச்

பள்ளிப்படிப்பு முடிந்துவிட்டது. மருந்தாளுநர் பட்டப்படிப்பான ஃபார்ம் டி சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொன்னதும் மாமா, "டாக்டர் எழுதியதை எடுத்துக் கொடுக்க இத்தனை வருஷம் படிக்கணுமா?" என்று சிரித்தார். பதில் தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

பாடப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஃபார்மசூட்டிக்ஸ், ஃபார்மகாலஜி, ஃபார்மகோகைனெடிக்ஸ், ஃபார்மகோதெரபி, ஃபார்மகோக்னசி. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு எதுகை மோனை பார்த்துப் பெயர் வைத்த மாதிரி இருக்கிறது, யார் யார் என்று பிடிபடவில்லை. படித்தவர்கள், படிப்பவர்கள் யாராவது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எனக்கு மனப்பாடம் வராது. கணக்கும் சுமார்தான்.

#2 மாத்திரைப்பெட்டி

மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மனப்பாடம் வராது என்றால் கொஞ்சம் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். மருந்துப் பெயர்களே நூற்றுக்கணக்கில் வரும். ஆனால் பெயர்களுக்கு வால் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 'ஓலால்' என்று முடிந்தால் பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைப்பது. 'ப்ரில்', 'சார்ட்டன்' இரண்டும் ரத்த அழுத்தக்காரர்கள். 'ஸ்டேட்டின்' கொழுப்பைக் குறைக்க. 'ப்ரசோல்' வயிற்று அமிலத்துக்கு. (உடனே யாராவது அரிப்பிப்ரசோலைக் கொண்டுவருவார்கள். ஆமாம், அது மனநல மருந்து. வால் சில நேரம் ஏமாற்றும்.)

#3 கல்வம்

மாத்திரைப்பெட்டி சொன்னது சரி, ஆனால் அது வாசற்படி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாக இந்தப் பாடங்களை நடத்துகிறவன்.

அந்த ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் பிரித்துக் காட்ட ஒரு மாத்திரையின் பின்னாலேயே போவோம். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாயிற்று. அது வயிற்றில் உடைய வேண்டும், கரைய வேண்டும். எங்கே உடைய வேண்டும், எவ்வளவு நேரத்தில் கரைய வேண்டும் என்று வடிவமைப்பதுதான் ஃபார்மசூட்டிக்ஸ். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நிஃபெடிபின் மாத்திரைகள் உடையவே உடையாது. மேல்தோடு தண்ணீரை உள்ளே விடும், உள்ளிருக்கும் ஒரு அடுக்கு உப்பும், லேசரால் போட்ட நுண்துளை வழியாக மருந்து நாள் முழுக்கச் சிறிது சிறிதாக வெளியே தள்ளப்படும். கடைசியில் வெறும் கூடு மலத்தில் முழுசாக வந்து விழும். அதைப் பார்த்துப் பதறிப்போய், மருந்து உடம்பில் சேரவே இல்லை என்று நிறுத்திவிடும் நோயாளிகள் உண்டு. "கூடு வரும், பயப்படாதீர்கள்" என்று முதல் நாளே சொல்ல அந்த மாத்திரை எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். அதே மாதிரிதான், முழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று மெதுவாகக் கரையும் மாத்திரையை இடித்துக் கொடுத்தால், 24 மணி நேரத்து மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய்விடும்.

சரி, கரைந்தது. குடலில் இருந்து ரத்தத்துக்குப் போகும் வழியில் கல்லீரல் சுங்கச்சாவடி போட்டு உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு பிடித்துக்கொள்ளும், எவ்வளவு விடும், மிச்சம் எத்தனை மணி நேரத்தில் பாதியாகும் என்பதெல்லாம் ஃபார்மகோகைனெடிக்ஸ். அதாவது உடம்பு மருந்தை என்ன செய்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரினை விழுங்காமல் நாக்கின் அடியில் வைப்பது இந்தச் சுங்கச்சாவடியைச் சுற்றிப் போகத்தான்.

திருப்பிக் கேட்டால், மருந்து உடம்பை என்ன செய்கிறது? அது ஃபார்மகாலஜி. இதே மருந்து இந்த மனிதருக்கு, இந்த வயதில், இத்தனை நோய்களோடு, ஏற்கனவே சாப்பிடும் ஏழு மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா? அது ஃபார்மகோதெரபி. பட்டத்தின் பின்பாதி முழுக்க இதுதான்.

ஃபார்மகோக்னசி, செடி கொடிகளில் இருந்து வரும் மருந்துகள். 1785-இல் வில்லியம் விதரிங் ஃபாக்ஸ்குளோவ் செடியைக் கொண்டு, உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு வைத்தியம் பார்த்ததை எழுதினார். அந்தச் செடியின் உறவுக்காரச் செடியில் இருந்து வருவதுதான் இன்றைய இதய மருந்து டிகாக்சின். வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியில் இருந்து வந்தது ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின். இந்தப் பாடம் இப்போது பல பாடத்திட்டங்களில் சுருங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

#4 சந்தேகப்பிராணி

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு வருஷம் போட்டு அரைக்கும் கெமிஸ்ட்ரியைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? ஆர்கானிக், அனலிட்டிகல், பயோகெமிஸ்ட்ரி, மெடிசினல் கெமிஸ்ட்ரி. மருந்தாளுநராக எட்டு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு நோயாளி கூட என்னிடம் பென்சீன் வளையம் வரைந்து காட்டச் சொன்னதில்லை. சேருகிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுங்கள்: பாதிப் படிப்பு பரீட்சைத்தாளோடு கழுவிப் போய்விடும்.

#5 இரவுப்பணி

சந்தேகப்பிராணி, வளையம் வரையச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு வார்டிலிருந்து போன் வரும்.

எனக்கு வந்தது. நோயாளிக்கு அமாக்சிசிலின் (பெனிசிலின் குடும்பத்து ஆன்டிபயாட்டிக்) சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப்போன வரலாறு உண்டு. காலையில் அறுவை சிகிச்சை, அதற்குமுன் கெஃபசோலின் ஊசி எழுதியிருக்கிறார்கள். "பெனிசிலின் அலர்ஜி இருக்கிறது, இது கெஃபலோஸ்போரின், கொடுக்கலாமா?" என்று நர்ஸ் கேட்கிறார். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் அதே பீட்டா லாக்டம் வளையம். பழைய புத்தகங்கள், பத்தில் ஒருவருக்கு இரண்டுமே ஒத்துக்கொள்ளாது என்று எழுதின. அது மிகைக் கணக்கு என்று பிறகு தெரிந்தது. பெரும்பாலும் அலர்ஜியைக் கிளப்புவது நடு வளையம் அல்ல, அதன் ஓரத்தில் தொங்கும் பக்கச்சங்கிலி. அமாக்சிசிலினுக்கும் கெஃபலோஸ்போரின் குடும்பத்துக் கெஃபட்ராக்சிலுக்கும் அந்தச் சங்கிலி ஒன்றேதான். ஆம்பிசிலினுக்கும் கெஃபலெக்சினுக்கும் அப்படியே. கெஃபசோலினின் சங்கிலியோ இவற்றில் எதனோடும் ஒட்டாது.

அதனால் நான் கேட்டது: அப்போது மூச்சுத்திணறல் வந்ததா, தோல் உரிந்ததா, வாயில் புண் வந்ததா? எதுவும் இல்லை, தடிப்பு மட்டும்தான். எழுதிய டாக்டரிடம் பேசி, கெஃபசோலினே இருக்கட்டும் என்று முடிவானது. கெஃபட்ராக்சில் எழுதியிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நீங்கள் கழுவிப் போய்விட்டது என்று சொல்லும் அதே படத்தில்தான் இருக்கிறது.

#6 சந்தேகப்பிராணி

சரி, பக்கச்சங்கிலி வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மருந்தைத் தொழிற்சாலையில் எந்த வினைப்பொருள் போட்டு, எந்த வெப்பத்தில், எத்தனை படியில் தயாரிக்கிறார்கள் என்று நெட்டுரு போட்டேனே, அது யாருக்கு உதவியது? அதையும் ராத்திரி ஒரு மணிக்குக் கேட்பார்களா?

#7 கல்வம்

கேட்க மாட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் கட்சி.

#8 கடைசிபெஞ்ச்

இதெல்லாம் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. கால்குலஸ் எல்லாம் வருமா?

#9 கல்வம்

கொஞ்சம் வரும். கைனெடிக்ஸில் மருந்து குறையும் வேகத்தைப் புரிந்துகொள்ள லாகரிதமும் அடுக்குக்குறியும் தெரிய வேண்டும். ஆனால் தினசரி வேலைக்கு வேண்டியது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். அதைத் தப்பில்லாமல் போட வேண்டும் என்பதுதான் விஷயம்.

முதல் வாரமே ஒரு விதி சொல்லுவோம்: அரை மில்லிகிராமை '.5' என்று எழுதாதே, முன்னால் பூஜ்யம் போட்டு '0.5' என்று எழுது. ஐந்தை '5.0' என்று எழுதாதே, வெறும் '5' போதும். முன்னதில் புள்ளி மங்கினால் 5 ஆகிவிடும், பின்னதில் மங்கினால் 50. இரண்டுமே பத்து மடங்கு. மாணவர்கள் சிரிப்பார்கள். பரீட்சையில் இதற்கே மதிப்பெண் குறைப்பேன்.

அப்புறம் அலிகேஷன் என்று ஒரு பழைய முறை உண்டு. 90 சதவீதக் கரைசலும் 30 சதவீதக் கரைசலும் கையில் இருக்கின்றன, 50 சதவீதம் வேண்டும். குறுக்காகக் கழி: 50-இல் 30 போனால் 20, 90-இல் 50 போனால் 40. ஆக 90-இல் ஒரு பங்கு, 30-இல் இரண்டு பங்கு. கடைக்காரர்கள் இரண்டு தரத்து அரிசியைக் கலந்து நடு விலைக்கு விற்கும் அதே கணக்கு.

எனக்குப் பிடித்தது வேறொன்று. சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று மதிப்பிட, காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-இல் வெளியிட்ட சூத்திரம். அதற்கு வேண்டியது கிரியேட்டினின், தசையில் உருவாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. 140-இல் வயதைக் கழி, எடையால் பெருக்கு, 72-ஐ ரத்தக் கிரியேட்டினினால் பெருக்கி அதால் வகு, பெண் என்றால் 0.85-ஆல் பெருக்கு. இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். 25 வயது இளைஞர், 70 கிலோ, கிரியேட்டினின் 1.0. 80 வயதுப் பாட்டி, 45 கிலோ, கிரியேட்டினின் அதே 1.0. பரிசோதனைத் தாளில் இருவருக்கும் 'நார்மல்' என்றுதான் இருக்கும். கணக்குப் போட்டால் இளைஞருக்கு நிமிடத்துக்கு சுமார் 112 மி.லி., பாட்டிக்கு 32. தசை குறைந்த உடம்பில் கிரியேட்டினின் உருவாவதே குறைவு, அதனால் எண் அழகாகத் தெரிகிறது. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்தை இளைஞருக்குக் கொடுக்கும் அளவில் பாட்டிக்குக் கொடுத்தால் அது நாளுக்கு நாள் உடம்பில் தேங்கும்.

கணக்கு சுமார் என்று பயப்படாதீர்கள். கால்குலேட்டர் தருவார்கள். வந்த விடையைப் பார்த்து "இது நியாயமாக இருக்கிறதா?" என்று சந்தேகப்படுவது மட்டும் உங்கள் வேலை. ஒரு மாணவன் ஒரு வேளைக்கு 40 மாத்திரை என்று விடை எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தான்.

#10 மாத்திரைப்பெட்டி

அந்த 40 மாத்திரை நான் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

லேப் பற்றி நான் சொல்கிறேன். முதல் முறை க்ரீம் செய்தபோது எண்ணெய்ப் பக்கம் மெழுகெல்லாம் 70 டிகிரியில் உருக்கித் தயாராக வைத்திருந்தேன். தண்ணீரையும் அதே சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்ததைப் படிக்காமல் குழாய்த் தண்ணீர் மாதிரி ஊற்றிவிட்டேன். பட்டதும் மெழுகு உறைந்து, ரவை மாதிரி குறுணை குறுணையாகத் திரண்டது. எவ்வளவு கலக்கியும் சேரவில்லை. மேடம் விரலில் தொட்டுப் பார்த்து, "இதை முகத்தில் போட்டால் தோலே தேய்ந்துவிடும்" என்றார்.

களிம்பு செய்யும்போது இன்னொன்று கற்றுக்கொண்டேன். ஒரு கிராம் மருந்தை ஐம்பது கிராம் களிம்பில் கலக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டிக் கலக்கினால் ஒரு மூலையில் மருந்து குவிந்திருக்கும், இன்னொரு மூலை வெறுமையாக இருக்கும். அதனால் ஒரு கிராமுக்கு ஒரு கிராம் களிம்பு, வந்த இரண்டுக்கு இரண்டு, நான்குக்கு நான்கு என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். கண்ணாடிப் பலகையில் ஸ்பாட்டுலாவால் இழுத்து இழுத்து மடிக்கிறபோது ஒரு கட்டத்தில் நிறம் ஒரே சீராகிவிடும். அந்த நொடி நன்றாக இருக்கும்.

கிருமி படாமல் ஊசி மருந்து தயாரிக்கும் ஸ்டெரைல் லேப்தான் இருப்பதிலேயே பதற்றம். காற்று வடிகட்டி வரும் மேஜைக்குள் 15 செ.மீ. உள்ளே தள்ளித்தான் வேலை செய்ய வேண்டும். வடிகட்டியில் இருந்து வரும் காற்றுக்கும் ஊசி முனைக்கும் நடுவில் கை குறுக்கே போகக் கூடாது. போனால் கையில் இருக்கும் கிருமியைக் காற்றே கொண்டுபோய் மருந்தில் சேர்த்துவிடும். பரீட்சையில் மருந்துக்குப் பதில் கிருமி வளரும் ஊட்டக்கரைசலை வைத்து ஊசி மருந்து தயாரிக்கச் சொல்வார்கள். சில நாள் கழித்து பாட்டில் கலங்கியிருந்தால் ஃபெயில். கெஞ்சிப் பார்க்க யாரும் இல்லை, பாட்டிலே சொல்லிவிடும்.

#11 வரிவடிவம்

யாரும் சொல்லாத இரண்டு பாடங்கள்: சட்டமும் புள்ளியியலும். தூக்கம் வரும் பாடங்கள் என்று பெயர் எடுத்தவை.

சட்டத்தைப் பிரிவு எண்களாக நடத்தினால் தூக்கம் வரத்தான் செய்யும். எங்களுக்கு 1937-இல் இருந்து ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற கிருமி எதிர்ப்பு மருந்தை இனிப்பான திரவமாக்க ஒரு நிறுவனம் டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தது. சுவை, மணம், நிறம் எல்லாம் பார்த்தார்கள், விஷமா என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அப்போது சட்டமும் இல்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பலர் குழந்தைகள். விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் 1938-இல் வந்தது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த, கர்ப்பிணிகளும் சாப்பிட்ட தூக்க மருந்தான தாலிடமைடு 1961-இல் திரும்பப் பெறப்பட்டது, அதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்துவிட்டன. இதைக் கேட்ட பிறகு சட்டப் புத்தகம் வேறு மாதிரி தெரிந்தது.

புள்ளியியல் இதற்குத்தான்: "மாரடைப்பை 50 சதவீதம் குறைக்கிறது" என்று ஒரு மருந்துக்கு விளம்பரம் வரும். ஆய்வை எடுத்துப் பார்த்தால் நூறில் இருவருக்கு வந்தது ஒருவருக்கு என்று குறைந்திருக்கும். 50 சதவீதம் பொய் இல்லை. ஆனால் ஒருவரைக் காப்பாற்ற நூறு பேர் சாப்பிட வேண்டும். அந்த நூறு பேரில் எத்தனை பேருக்குப் பக்கவிளைவு என்பதுதான் அடுத்த கேள்வி.

#12 இரவுப்பணி

கடைசி வருஷம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வகுப்பறை கிடையாது. சில வாரங்களுக்கு ஒரு இடம் என்று மாற்றிக்கொண்டே போவார்கள்: பொது மருத்துவம், தீவிர சிகிச்சை, குழந்தைகள், வெளிநோயாளி, சமூக மருந்தகம். ரொட்டேஷன் என்போம். காலையில் டாக்டர்கள் வருவதற்குள் ஒவ்வொரு நோயாளியின் மருந்துப் பட்டியலையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துக் குறிப்பெடுத்து வைக்க வேண்டும்.

என் முதல் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் திரும்பி, "இந்த ஃபெனிட்டாயினை டெக்ஸ்ட்ரோஸில் ஏற்றலாமா?" என்றார். முன்னது வலிப்பு மருந்து, பின்னது நரம்பில் ஏற்றும் சர்க்கரைக் கரைசல். தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டேன், ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருந்த என் பயிற்சியாளர், "பார்த்துவிட்டுச் சொல்கிறாள்" என்று எனக்காகச் சொன்னார். பிறகு தனியாகக் கூப்பிட்டு ஒரு டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் கொஞ்சம் ஃபெனிட்டாயினைக் கலந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பளபளவென்று படிகங்கள் மிதந்தன. அந்த ஊசியின் பி.எச். 12 அளவில் இருக்கும், அதாவது கடும் காரம், டெக்ஸ்ட்ரோஸ் அமிலப் பக்கம், காரம் குறைந்ததும் மருந்து கரைசலை விட்டு வெளியே வந்துவிடுகிறது. "நீ தலையாட்டியது இதற்குத்தான்" என்றார். 'பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று நானே சொல்லப் பழக எனக்கு இரண்டு ரொட்டேஷன் ஆனது.

நோயாளியிடம் பேசுவதும் பாடம்தான், மதிப்பெண் உண்டு. "இன்ஹேலர் ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்கச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு பெரியவர் எனக்குக் காட்டினார்: வாயில் அடித்துக்கொண்டு மூக்கால் மூச்சை இழுத்தார். மருந்து நாக்கோடு நின்றுவிட்டது. மாதக்கணக்கில் அவருக்கு மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

சரி, கடைசிபெஞ்ச், உங்களுக்கு ஒரு கணக்கு. 12 கிலோ குழந்தை, காய்ச்சல். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி. எத்தனை மி.லி. சிரப்?

#13 மாத்திரைப்பெட்டி

180 மி.கி. அதாவது 7.5 மி.லி. சுலபம்.

#14 வரிவடிவம்

3.6 மி.லி.

#15 மாத்திரைப்பெட்டி

எப்படி? 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றால் 7.5 தான்.

#16 வரிவடிவம்

என் கையில் இருக்கும் பாட்டிலில் 5 மி.லி.க்கு 250 மி.கி. உங்கள் 7.5-ஐ இதிலிருந்து ஊற்றினால் குழந்தைக்கு 375 மி.கி. போகும், இரண்டு மடங்குக்கு மேல்.

#17 கடைசிபெஞ்ச்

நான் விடை எழுத வந்தேன், அதற்குள் சண்டை. பாட்டிலில் 5 மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று கேள்வியிலேயே இல்லை என்பதைத்தான் நான் கேட்க இருந்தேன். இன்னொன்று, அந்த 12 கிலோ எப்போது பார்த்த எடை?

#18 இரவுப்பணி

முதல் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இரண்டாவதை நானே யோசிக்கவில்லை.

#19 சந்தேகப்பிராணி

மூன்றாவது என் பங்குக்கு: குழந்தைக்கு வேறு சளி மருந்து ஏதாவது கொடுக்கிறார்களா? அதிலும் பாராசிட்டமால் இருந்தால்? (கெமிஸ்ட்ரி இல்லாமலேயே கேட்டுவிட்டேன், கவனிக்கவும்.)

#20 கல்வம்

கடைசிபெஞ்ச், இந்தக் கணக்கை உங்கள் மாமாவிடம் கொடுத்துப் பாருங்கள்.

#21 கடைசிபெஞ்ச்

கொடுத்தேன். "இதென்ன கணக்கு, ஒரு ஸ்பூன் கொடுக்க வேண்டியதுதானே" என்றார். சமையலறைக்குப் போய் மூன்று ஸ்பூன்களை எடுத்துவந்து, எந்த ஸ்பூன் என்று கேட்டேன். மூன்றையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.